கன்னியப்பன் மறைத்து வைத்தவர்கள்

இறந்தவர்களை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? கன்னியப்பனின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் மட்டும் அதைக் கேட்டதில்லை.

பஞ்சாலை மூடிய பிறகு, நெல்லித்தோப்பில் வீட்டிலிருந்தபடியே கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வடிவமைக்கப் பழகியவர். பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. நேரத்துக்கு முடித்துக் கொடுப்பார். அந்தத் தொழிலுக்கு அது போதும்.

அன்று காலை பத்தரை மணிக்கு அந்தப் பெயரும் போய்விடும் போலிருந்தது. அடுத்த தெரு ஜெயம் இறந்துவிட்டாள். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் சுவரொட்டி தெருவெங்கும் ஒட்டியாக வேண்டும். பன்னிரண்டுக்குள் அச்சகத்துக்குப் போனால்தான் உண்டு. பத்து வயது மடிக்கணினியோ மிக்ஸிபோல் இரைந்ததே தவிர, அசையவில்லை.

மருத்துவமனையில் கணினிப் பதிவு வேலை பார்க்கும் அவர் மனைவி ஆதிலட்சுமி, சாவுக்காக லீவு போட்டிருந்தாள். எழவு வீட்டுக்குப் போகாமல் இதன்முன் உட்கார வேண்டியதாயிற்று.

“இன்னாங்க இது, அடியில துண்டு மடிச்சு வெச்சிருக்கீங்க?”

“சூடாவாம இருக்கட்டுமேன்னுதான்.”

“காத்து போற ஓட்டைய அடைச்சா சூடாவாதா? தலகாணியும் போட்டிருக்கலாமில்ல?”

துண்டை உருவி எறிந்தாள். பிரஷ்ஷால் தூசி தட்டினாள். ஆளுக்கொருவர் போட்டுவிட்டுப் போன இரண்டு ஆன்டிவைரஸில் ஒன்றை நீக்கினாள். அணைத்துப் போட்டதும் இரைச்சல் அடங்கியது. டாஸ்க் மேனேஜரில் சிபியு எட்டு சதவீதம்.

“பாத்தியா, சரியாயிடுச்சு” என்று அவர் தன் ஃபைலைத் திறந்தார். அறுபது, தொண்ணூறு, நூறு.

கைப்பேசி அடித்தது. ஜெயத்தின் மகன் ராஜவேல். “சித்தப்பா, ஆச்சா? பெரியத்த பேரு வுட்டுப்போச்சாம், சேத்துடுங்க.”

“சேத்துடறேன்பா.”

“நவுந்தாத்தான சேக்கறது?” ஆதிலட்சுமி பல்லைக் கடித்தாள். திரையோரம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படங்களைக் காட்டும் லேயர் பட்டியலை உருட்டினாள். அது முடியவே இல்லை. “யாருங்க இவங்கல்லாம்?”

கன்னியப்பனிடம் இருந்தது ஒரே ஃபைல். கீழே வரிசையாக நிற்கும் துக்கம் அனுசரிப்போர் முகங்கள் எந்தச் சாவிலும் ஏறக்குறைய அவையேதான். சொந்தக்காரத் தெருக்கள் அவை. அதனால் மேலே இருப்பவரை மறைத்துவிட்டுப் புதியவரை வைப்பார். சில சமயம் கீழ்வரிசையில் நின்ற ஒருவர் மேலே போவார். யாரையும் அழித்ததில்லை.

“பத்து வருசமா செத்தவங்க மொத்தமும் உள்ளயே இருக்காங்களா? இது லேப்டாப்பா, சுடுகாடா?”

“மறைச்சுதான வெச்சிருக்கேன்.”

“மறைச்சா பாரம் கொறஞ்சுடுமா? தூக்கிப் போடுங்க.”

மறுபடி ராஜவேல் அழைத்தான். கன்னியப்பன் எடுக்கவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அழிக்கத் தொடங்கினார், ஒவ்வொருவராக.

“மொத்தமா செலக்ட் பண்ணுங்க! மணி பதினொண்ணே காலு!”

அவர் காதில் வாங்கவில்லை. தம்பி போனான். அப்பா போனார். ஒவ்வொரு முகமாகப் போகப் போக இரைச்சல் தணிந்தது. பதினொன்று ஐம்பதுக்கு, பெரியத்தையின் பெயரும் சேர்ந்து, ஜெயத்தின் சுவரொட்டி அச்சகத்துக்குப் போய்விட்டது.

ஆதிலட்சுமி பட்டியலைப் பார்த்தாள். மறைத்த முகம் ஒன்று மிச்சம். கலியபெருமாள். பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் கன்னியப்பனை நிர்வாகத்திடம் காட்டிக்கொடுத்தவர். சாகும்வரை பதினோரு வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

“அப்பாவயே அழிச்சுட்டீங்க. இவர எதுக்கு வெச்சிருக்கீங்க?”

கன்னியப்பன் ஃபைலைச் சேமித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு எழவு வீட்டுக்குக் கிளம்பினார். பிறகும் இரண்டு முறை அவள் கேட்டுப் பார்த்தாள்.