பார்ப்போம் டாக்டர்

திண்டுக்கல்லில் டாக்டர் பிரிஸ்கில்லா என்று வழி கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். ‘பார்ப்போம் டாக்டர்’ என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் இறக்கிவிடுவார். பள்ளிக்கூட வாத்தியார் அந்தோணிமுத்துவின் மகள். சென்னையில் குழந்தைகளின் மூளை நரம்பு வைத்தியம் படித்துவிட்டு, 1994இல் சொந்த ஊருக்கே வந்து உட்கார்ந்தார். மூளை டாக்டர் என்றால் பைத்தியத்துக்குப் பார்ப்பவர் என்றுதான் அன்றைக்கு ஊருக்குத் தெரியும். பச்சைக்குழந்தைக்கு என்ன பைத்தியம் என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள்.

பெண்பிள்ளைக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்கிற பயத்தில், பக்கத்துப் பல் டாக்டரிடம் வந்ததுபோலப் பாவனை காட்டிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். பிரிஸ்கில்லா அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். பிள்ளைக்கு வலிப்பு எப்படி வந்தது என்று தாயையே நடித்துக் காட்டச் சொல்வார். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வெட்கத்தோடு ஆரம்பிக்கிறவள் முடிக்கும்போது அழுதுகொண்டிருப்பாள்.

பட்டப்பெயருக்கு ஒரு காரணம் உண்டு. அவர் வந்த மறு வருஷம், வடமதுரையிலிருந்து மூளைக்காய்ச்சலோடு ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள். காய்ச்சல் இறங்கியதும், சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டார். அந்த மனிதர் சந்தோஷத்தில் கடைவீதிக்குப் போய் மகனுக்குப் புதுச்சட்டை எடுத்தார். அவர் திரும்பி வருவதற்குள் பையன் போய்விட்டான். அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு பிரிஸ்கில்லா வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. யார் எப்படிக் கெஞ்சினாலும் “பார்ப்போம்”தான். கைராசிக்காரர், ஆனால் வாய் கஞ்சம் என்று ஊர் முடிவு கட்டியது.

2001ஆம் வருஷம், ரமலான் மாதம். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் அப்துல் வாஹித், தன் பத்து வயது மகள் ரஃபியாவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குள் ஓடிவந்தார். பின்னாலேயே அவர் மனைவி நர்கீஸ். இரண்டு வருஷமாக பிரிஸ்கில்லாவிடம் காட்டுகிற பிள்ளை. காலை ஒன்று இரவு ஒன்று என்று மாத்திரை போட்டு, ஒரு வருஷமாக வலிப்பே இல்லாமல் இருந்தவள். இன்றைக்கு வந்த வலிப்பு நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே, காலை மாத்திரை கொடுத்தீர்களா என்று பிரிஸ்கில்லா கேட்டார்.

“சாப்பாட்டுக்கு அப்புறம்தானே குடுக்கச் சொன்னீங்க டாக்டரம்மா,” என்றாள் நர்கீஸ். “அவதான் நோன்பு வெச்சிருக்காளே. காலச் சாப்பாடே இல்லையே.”

ஐந்து நோன்பு கழிந்திருந்தது. அக்காக்களைப் பார்த்து ஆசைப்பட்டு ரஃபியா பிடித்த முதல் நோன்புகள். விடியுமுன் எழுந்து எல்லோரோடும் சாப்பிட்டாள். ஆனால் இரவு மாத்திரை போட்டுச் சில மணி நேரம்தானே ஆகிறது, அதற்குள் இன்னொன்று கூடாது என்று தாய் நிறுத்திவிட்டாள். ஆக ஐந்து நாளாகப் பாதி மருந்து, பாதித் தூக்கம்.

பிரிஸ்கில்லாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவருடைய அம்மா புஷ்பமேரி பெரிய வெள்ளிக்கிழமை உபவாசத்தில் பிரஷர் மாத்திரையைத் தொடமாட்டார். காரணம் கேட்டால், சாப்பிடாமல் எப்படி மாத்திரை போடுவது என்று இதையேதான் சொல்வார். வீட்டிலேயே பார்த்த சங்கதி. நர்கீஸ் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றியிருக்கிறாள், சொன்னவளுக்குத்தான் புத்தி இல்லை என்று தன்னையே நொந்துகொண்டார்.

மருந்து கூடக்கூட ரஃபியாவின் மூச்சு குறைந்தது. சிறுபிள்ளைகளுக்கான சுவாசக் கருவி அந்த மருத்துவமனையில் இல்லை. மதுரைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே உயிர் போய்விடும் என்று பிரிஸ்கில்லா பயந்தார். அவரும் நர்ஸ் ரோஸ்மேரியும் மாற்றி மாற்றிக் காற்றுப்பையைக் கையால் அழுத்தினார்கள். பிரிஸ்கில்லா மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டேதான் அழுத்தினார். பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டபோது வலிப்பு அடங்கியிருந்தது. மூச்சும் தானாக வந்தது. வெளியே தாய் இன்னும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வர, தண்ணீர் கொடுத்தனுப்பினார்.

உயிர் பிழைத்துவிட்டாள். மூளை எந்த மட்டுக்குத் தப்பியது என்பதுதான் தெரியவில்லை. ரஃபியா கண்ணைத் திறந்தாள், யாரையும் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. நாலைந்து நாள் இப்படியே போனது. பேச்சு வருமா என்று வாஹித் தினமும் கேட்பார். பார்ப்போம் என்று தினமும் பதில் வரும். ஒருநாள் அவரே தாங்காமல் உடைந்தார்.

“சின்னப்புள்ளைக்கு நோன்பு கடமையே இல்லம்மா. பெரியவளானப்புறம் வெச்சாப் போதும். ஆசப்படுதேன்னு நாந்தான் விட்டுட்டேன்.”

அந்த நாட்களிலேயே பிரிஸ்கில்லாவின் வைத்தியம் மாறியது. சாப்பாட்டுக்கு முன், பின் என்பதை விட்டார். வருகிறவர்களிடமெல்லாம், வீட்டில் எப்போது எழுந்திருப்பீர்கள், என்னென்ன விரதம் இருப்பீர்கள், பழநிக்கு நடப்பீர்களா என்று துருவினார். டாக்டருக்கு என்ன ஆச்சு, சம்பந்தம் பேசுகிற மாதிரி விசாரிக்கிறாரே என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

வாஹித் உடைந்து பேசியதற்கு மறுநாள் காலை பிரிஸ்கில்லா வார்டுக்குள் நுழைந்தபோது ரஃபியாவின் கண்கள் கூடவே நகர்ந்தன. பிறகு தாயிடம் போய் நின்றன. உதடு அசைந்தது.

“அம்மா, என் நோன்பு போச்சா?”

நர்கீஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சு வந்துவிட்டது, நினைவும் வந்துவிட்டது. பிள்ளை பதிலுக்காகத் தாயையே பார்க்கிறது. தாய் பேச முடியாமல் டாக்டரைப் பார்க்கிறாள். பிரிஸ்கில்லாவுக்கு வாஹித் சொன்னது ஞாபகம் வந்தது. வடமதுரைக்காரரின் புதுச்சட்டையும் கூடவே வந்தது.

“போகல கண்ணு,” என்றார் பிரிஸ்கில்லா. “நீ பெரியவளானதும் வெச்சுக்கலாம்.”

மருந்து எடுத்துக்கொண்டிருந்த ரோஸ்மேரி சட்டென்று நிமிர்ந்தார். நர்கீஸ் கட்டிலைச் சுற்றி வந்து டாக்டரின் கையைப் பிடித்தாள்.

“ஆவாளா டாக்டரம்மா?”

“ஆவா.”