காற்றைப் பிடித்த கை

எங்கள் தெரு ஸ்டுடியோவின் பின்னறையில் வேலை பார்ப்பவர் மேல் ஏதோ பழைய கேஸ் இருக்கிறதாம். அதனால்தான் மனிதர் எந்தப் போட்டோவிலும் விழமாட்டாராம். சொன்னது சலூன்காரர். அவர் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்று பார்க்கத்தான், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் சாக்கில் போனேன்.

படம் எடுப்பது மச்சினன். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவது அவனுடைய அக்கா புருஷன், அதாவது நம்ம ஆள். கறுப்புத் திரைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வருஷக்கணக்காக நடந்தும் கரையாத தாடைச் சதையைத் திரையில் மௌஸின் ஒரே தேய்ப்பில் கரைத்தார்.

"அத்தான், டீ வந்திருக்கு. வெளிய வாங்க."

"கஸ்டமர் போகட்டும்."

"கவுன்டருக்கும் சுவருக்கும் நடுவுல அவர் வர்றதை யாரும் பாத்துடக் கூடாது சார்," என்று மச்சினன் எனக்குக் கண்ணடித்தான். "போன தடவை கவுன்டர்தான் வழி விட்டுச்சு."

முதலில் சிரித்தது பின்னறைக்காரர்தான். யாரும் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் 'பீப்பாய்' என்று பெயர் விழுந்தபோது கற்றுக்கொண்டது.

பேச்சுக் கொடுத்தேன். கேஸும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. விசேஷ வீடுகளில் கேமராவை இவரே வாங்கிக்கொள்வார்: "நீங்கல்லாம் நில்லுங்க, நான் எடுக்கறேன்." ஆல்பத்தைப் புரட்டிய யாரோ, இவர் மகளை அப்பா இல்லாத பிள்ளை என்று நினைத்து உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். தலைசுற்றினாலும் டாக்டரிடம் போகமாட்டார். அங்கே வாசலிலேயே எடை மெஷின் நிற்கிறது. கண்ணாடி முன் நின்றால் கை தானாக மௌஸைத் தேடுமாம்.

"ஒவ்வொரு மூஞ்சியிலயும் என்ன தப்புன்னு பாத்துப் பாத்து, கண்ணுக்கு இப்ப வேற எதுவும் தெரியறதில்ல சார்."

கொஞ்ச நாள் முன்னால் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஹாஸ்டல் அறையில் மாட்ட ஒரு படம் கேட்டாள். அவளும் அப்பாவும் மட்டும். மறுக்க முடியவில்லை, நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மச்சினன் எடுத்தான்.

"லைட்டை மட்டும் சரி பண்ணித் தர்றேன்," என்று திரைக்குள் போனார். வயிற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். உடனே தோள் பெரிதாகத் தெரிந்தது. தோளைக் குறைத்தால் கழுத்து. கழுத்தைக் குறைத்தால் கன்னம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது பழைய கதை. இங்கே அப்பாவைப் பிடிக்கப் போய் யாரோ ஒரு ஹீரோ வந்து நின்றார்.

மகள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"யாருப்பா இவரு?"

இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. படத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். இடுப்பு உள்ளே போயிருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் பழைய இடத்திலேயே, காற்றைப் பிடித்தபடி. கல்யாணப் பெண்ணின் இடுப்பைக் குறைக்கும்போதெல்லாம் மாப்பிள்ளையின் கையையும் மறக்காமல் நகர்த்துகிறவர், தன் இடுப்பென்றதும் மகளின் கையைக் கோட்டைவிட்டார்.

"நான் பிடிச்சிட்டு நின்ன அப்பாதான் வேணும். அந்தப் படத்தைக் குடு."

"அடுத்த வாரம் அனுப்பறேம்மா."

அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

திருத்தாத அந்தப் படம் அழியவில்லை. எனக்குத் திறந்து காட்டினார், தன் பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு. மகளின் சிரிப்பு மட்டும் தெரிந்தது.

"இதை மாட்டினா கூட இருக்கற பிள்ளைங்க என்ன சொல்லும்?"

"இவதான் பொண்ணு, இவர்தான் அப்பான்னு சொல்லும்."

"அதுதான் சார்," என்றார்.

அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகள்.

"சுவத்துல ஆணி அடிச்சு எத்தனை நாளாச்சு. படம் எங்கப்பா?"

"பிரிண்டர்ல இங்க் தீந்துபோச்சும்மா. அடுத்த வாரம்."

அவர் முழங்கை அருகிலேயே பிரிண்டர் கரகரவென்று என் முகத்தை வரிசையாகத் துப்பிக்கொண்டிருந்தது, தாடைச் சதை இல்லாமல். வாங்கிக்கொண்டேன். நான் வெளியே போகட்டும் என்று அவர் காத்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.