விமான நிலையக் காட்சி

மேடையில் ஓர் ஆண் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாலே அது நகைச்சுவை என்று முதலில் முடிவு செய்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவரிடம் கேட்க நிறையக் கேள்விகள் வைத்திருக்கிறேன். நான் நாடகம் எழுதுகிறவளும் அல்ல, நடிக்கிறவளும் அல்ல. ரிக்கற் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறவள். பிராங்பேர்ட்டின் பெரிய அரங்குகளிலும் பார்க்கிறேன், யாரோ ஒருவருடைய கட்டடத்தின் நிலவறையில் கதிரை போட்டு நடத்துகிற நாடகங்களையும் பார்க்கிறேன். முன்வரிசையில் இருக்கிற ஒருவரின் வழுக்கையைப் பிடித்துக்கொண்டு அரைவாசி நிகழ்ச்சியை ஓட்டுகிற ஜேர்மன் நகைச்சுவையாளர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிப்பு வரப்போகிற இடத்தில் கொஞ்சம் நின்று, கூட்டம் தயாரா என்று பார்க்கிற நடிகர்களையும் ஆகாது. உனக்குச் சிரிக்கத் தெரியாது என்று கூட வருகிற தோழிகள் சொல்வார்கள். தெரியும். ஆனால் சிரி என்று சொன்ன இடத்தில் வராது. பத்து வயதிலேயே அது போய்விட்டது.

அப்போது நாங்கள் பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் போகிற தூரத்தில் ஒரு சிற்றூரில் இருந்தோம். சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பித்த பள்ளிக்கூடத்தார், ஆண்டுக்கொரு முறை ஊர்ப் பொதுமண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கலைவிழா நடத்துவார்கள். நாலு மணி என்று அழைப்பிதழில் போட்டிருப்பார்கள். மங்கல விளக்கு ஏற்றுகிறபோது பிள்ளைகள் பசியில் ரோல்ஸ் எல்லாவற்றையும் தின்று தீர்த்திருப்பார்கள். நடனங்கள், பேச்சுகள், பிறகு இன்னும் பேச்சுகள். இவ்வளவையும் சனம் பொறுத்துக்கொண்டிருந்தது கடைசியில் வரும் நகைச்சுவை நாடகத்துக்காகத்தான்.

நாடகத்தை எழுதுவதும், நெறிப்படுத்துவதும், அதில் முக்கிய வேடத்தில் வருவதும் ஒரே ஆள். அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். மண்டபத்து ஒலிவாங்கிகள் நடிகர்களின் குரலை ஒருபோதும் ஒழுங்காகப் பிடித்ததில்லை என்பதால், வசனங்களை முன்கூட்டியே தன் வீட்டில் வைத்துப் பதிவு செய்து கொண்டுவருவார். மேடையில் நடிகர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். வாய் ஒரு பக்கம் போகும், சொல் ஒரு பக்கம் வரும். அதையும் நான் அந்த வயதிலேயே மன்னிக்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு அது உலகத்திலேயே சிறந்த நாடகம்.

அந்த வருடம் எங்களோடு சித்தியும் வந்திருந்தாள். அம்மாவின் தங்கை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மன் மொழி படிக்கும் விசாவில் வந்தவள். படிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். பாதி உண்மை. வடக்கே ஒரு நகரத்தில் இருந்த ஒருவருக்கு அவளைப் பேசி, படம் அனுப்பி, இருவீட்டாரும் சம்மதித்து, கலியாணத்துக்குத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். படிப்பு அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

அவள் வந்திறங்கிய நாள் நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையும் வந்திருந்தார். கையில் பூக்கொத்து வைத்திருந்தார். சித்தி தள்ளுவண்டியில் பெட்டிகளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரவெல்லாம் பயணம் செய்த முகம், கசங்கிய சட்டை, கால்கள் வீங்கியிருந்தன. அவர் பூவைக் கொடுத்தார். பயணம் எப்படி என்று கேட்டார். பிறகு, "கார் விட்ட இடத்திலை காசு போட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் காத்திருந்தோம். அப்பா தேடிப் போய்த் தனியே திரும்பி வந்தார். சித்தி பூக்கொத்தைப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு, "வாங்கோ அத்தான், குளிருது, போவம்" என்றாள்.

அம்மா அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, இதைப் பள்ளிக்கூடத்தில்கூட ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றாள். நான் சொல்லவில்லை. யாராவது என்னிடம் கேட்டால் நல்லது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபத்தை வைக்க எனக்கு இடம் போதவில்லை.

கலைவிழாவில் நாடகம் தொடங்கியது. வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவரைப் பற்றிய கதை. மாமாதான் மாப்பிள்ளை. முதற்காட்சியில் சமைக்கத் தெரியாமல் புகை மூட்டினார். சித்தி சிரித்தாள், நானும் சிரித்தேன். அடுத்தது விமான நிலையம். கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு மாமா அங்குமிங்கும் நடந்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு கலியாணப் பொம்பிளை வந்தாள். வயிற்றில் தலையணை கட்டி, முகத்தில் கரி பூசி, சேலையைச் சுற்றிக்கொண்டு வந்த ஒரு பெரிய ஆண். மாமா படத்தைப் பார்த்தார். பொம்பிளையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு தரையில் தவழ்ந்து தப்பப் பார்த்தார்.

மண்டபம் குலுங்கியது. அப்பாவைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் வாயை மூடிக்கொண்டிருந்தார். அம்மா மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா இல்லை, கைதட்டிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணின் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

மாமாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கதையைக் களவெடுத்து மேடையில் போட்டுவிட்டார்கள். நாங்களோ ரிக்கற் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் எழுந்தேன். அம்மா என் கையை எட்டிப் பிடிப்பதற்குள் பக்கப் படிகளால் மேடையில் ஏறிவிட்டேன். அறிவிப்பாளரின் ஒலிவாங்கி ஓர் ஓரத்தில் நின்றது. அதைப் பிடித்துக் கத்தினேன்.

"நிப்பாட்டுங்கோ! இது எங்கடை சித்தியின்ரை கதை. மாப்பிள்ளை எயார்போட்டிலை விட்டிட்டு ஓடினது உங்களுக்கு என்னெண்டு தெரியும்? ஏன் எல்லாரும் சிரிக்கிறியள்?"

அன்றைக்கு அந்த ஒலிவாங்கி அருமையாக வேலை செய்தது.

நடிகர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மாமா தரையில் முழங்காலில் இருந்தபடி என்னைப் பார்த்தார். ஆனால் ஒலிப்பதிவு நிற்கவில்லை. யாருடைய வாயும் அசையாமலே மாமாவின் குரல் பகிடி விட்டுக்கொண்டிருந்தது. "ஐயோ, படத்திலை இருந்த பிள்ளையின்ரை தாய் வந்திட்டாவோ?" ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்து யாரோ ஓடிப்போய் அதை நிறுத்தினார்கள்.

எனக்கு வெற்றி கிடைத்துவிட்டது. மேடையிலிருந்து பார்த்தபோது மூன்று நான்கு பெண்கள் சித்தியைச் சுற்றி வந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"பாவம் பிள்ளை. நாங்கள் படிக்க வந்த பிள்ளை எண்டெல்லோ நினைச்சம்."

இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்த சித்தியின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. இப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது, இனி என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டு மேலங்கியை எடுக்கப் போனாள்.

நல்ல வேலை செய்தாய் என்று யாராவது சொல்வார்கள் என்று காரில் வீடுவரை பார்த்துக்கொண்டு வந்தேன். சப்பாத்தைக் கழற்றும்போது சித்திதான் பேசினாள்.

"உன்னை ஆர் கேட்டது?"

"அவையள் உங்களைப் பாத்துச் சிரிச்சவை, சித்தி."

"நானும்தானே சிரிச்சுக்கொண்டிருந்தனான்."

"அதுதான் எனக்குக் கோவம்!" என்றேன். அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அடுத்த வாரங்களில் வீட்டுக்குத் தொலைபேசி ஓயாமல் வந்தது. இதற்கு முன் எட்டிப்பாராதவர்கள் கறி சமைத்துக் கொண்டுவந்தார்கள். மனைவியை இழந்த ஒருவர் இருக்கிறார், வயது கொஞ்சம் கூட, ஆனால் தங்கமான மனிசன் என்று ஒருவர் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எல்லோரும் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள் என்று எனக்குப் பெருமை. சித்தி தமிழ்க்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சாமான்களை அப்பாவிடம் சொல்லி வாங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். மேடையில் பார்த்த மனிதரில் பாதியாகத் தெரிந்தார்.

"சத்தியமாய் எனக்கு ஒண்டும் தெரியாது, அக்கா. எங்கயும் நடக்கிற கதைதானே எண்டு எழுதினனான். அடுத்த மாசம் வேறை ஊரிலையும் கேட்டிருக்கினம். அந்தக் காட்சியை எடுத்துப்போடுறன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

பொய் என்று நான் நினைத்தேன். சித்தி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏன் அண்ணை எடுக்கிறியள்? பகிடி நல்லாத்தானே இருந்தது. உங்கடை பொம்பிளைக்குத்தான் சீலை உடுக்கத் தெரியேல்லை. கொசுவம் வைக்காமல் போர்வை மாதிரிச் சுத்திக்கொண்டு வந்தால் ஆர் பொம்பிளை எண்டு நம்புவினம்? நான் வந்து உடுத்திவிடுறன்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சித்தியைப் பார்த்தாள். "முகத்திலை கரி வேண்டாம், வேர்வையிலை வழிஞ்சு சீலையிலை படும்" என்றும் சித்தி சொன்னாள்.

நான் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். நான் இவளுக்காக அத்தனை பேருக்கு முன்னால் மேடையேறியிருக்கிறேன். இவளோ எதிரிக்குச் சேலை உடுத்திவிடப் போகிறாள். பல நாட்கள் சித்தியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த மற்ற ஊருக்கு நான் வரமாட்டேன் என்றேன். தனியே விட்டுவிட்டுப் போக ஏலாது என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். சித்தி என்னைத் திரைக்குப் பின்னால் தன்னோடு நிறுத்திக்கொண்டாள். வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டு, பொம்பிளையாக நடிக்கிற அந்தப் பெரிய உடம்புக்காரரைச் சுற்றி முழங்காலில் நகர்ந்து மடிப்பு வைத்தாள். தலையணையை நேராக்கினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, இறுக்குது" என்றார். "அப்பிடித்தான் இருக்கும், அண்ணை. நாங்கள் நாள் முழுக்க இப்பிடித்தான் நிக்கிறனாங்கள்" என்றாள்.

விமான நிலையக் காட்சி வந்தது. மாமா படத்தைப் பார்த்தார், பொம்பிளையைப் பார்த்தார், தவழ்ந்தார். மண்டபம் முன்னையதைவிடப் பெரிதாகச் சிரித்தது. எங்கள் ஊர்ச் சனமும் கொஞ்சம் அங்கே வந்திருந்தது. அவர்களில் சிலர் சிரிப்பதற்கு முன் கழுத்தை நீட்டிச் சித்தியைத் தேடினார்கள். சித்தி ஒளியவில்லை. திரையை விலக்கி, அவர்கள் பார்க்கக்கூடிய இடத்துக்கு ஓர் எட்டு முன்னால் வந்து நின்றாள். அவர்களும் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா, சித்தி?" என்று கேட்டேன்.

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாயிலிருந்த ஊசியை எடுத்து, "மடிப்புக் குலையேல்லை, பாத்தியோ?" என்றாள்.

நாடகம் முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சேலையை எப்படி அப்படி நிற்கவைத்தாய், எங்கள் பிள்ளையின் நடனத்துக்கும் வந்து உடுத்திவிடுவாயா என்று கேட்டார்கள். கறியைப் பற்றியோ தங்கமான மனிசனைப் பற்றியோ ஒருவரும் பேசவில்லை. பாவம் என்ற சொல் அன்று ஒருவருடைய வாயிலிருந்தும் வரவில்லை. அதற்காகவும் நான் அவர்கள் எல்லோர்மேலும் கோபப்பட்டுக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை காரின் கண்ணாடிப் பக்கமே திரும்பியிருந்தேன்.