மசாய்ப் பிள்ளை குனிந்தபோது

இன்று எங்கள் பிராண்டே நகரக் கடைத்தெருவில் தற்செயலாகச் சந்தித்தவர் தில்லைநாதன் அண்ணை! காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவருக்கும் மனைவி லோஜினிக்கும் பிள்ளை இல்லை. வைத்தியமெல்லாம் பார்த்துக் களைத்து, இனி வேண்டாம் என்று விட்ட வருடம்தான் இருவரும் கென்யாவுக்குப் போனார்கள். மனம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான்.

அங்கே மசாய்ப் பழங்குடியினரின் ஊர் ஒன்று. சாணம் பூசிய வீடுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணையிடம் ஒரு சின்னப் பெண்பிள்ளை நேரே வந்து குனிந்தது. காலில் விழப்போகிறது என்று அவர் பதறிப்போனார்.

"ஐயோ, வேண்டாம் பிள்ளை!" என்று பின்னால் விலகிவிட்டார்.

வழிகாட்டி சொன்ன பிறகுதான் விளங்கியது. அங்கே பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் தலையைக் குனிந்து கொடுப்பார்கள். பெரியவர் உச்சியில் கை வைக்க வேண்டும். அண்ணை கையை நீட்டுவதற்குள் பிள்ளை முகம் சுருங்கித் தாயின் சிவப்புத் துணிக்குள் ஒளிந்துகொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

திரும்பிப் போக வாகனத்தில் ஏறியதும் லோஜினி சொன்னார்: "ஒரு பிள்ளை தானா வந்து தலையைத் தந்தது. அதையும் வேண்டாமெண்டிட்டியள்."

அதன்பிறகு அந்த வீட்டில் பிள்ளை என்ற பேச்சே இல்லை. போன மாதம், "திரும்ப ஒருக்காப் போவமே?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறார் அண்ணை.

"போய்? அந்தப் பிள்ளை இன்னும் உங்களுக்காகக் குனிஞ்சுகொண்டு நிக்குதாக்கும். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அவர் குடித்தாராம். வேறென்ன செய்வது?

தயவுசெய்து இதைப் பகிருங்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள், ஒரு பிள்ளை குனிந்து வந்தால் விலகிவிடாதீர்கள். தலையில் கை வையுங்கள்!