வெட்டுப்புள்ளி

கோட்டா என்ற சொல் காதில் விழுந்தால் அல்பேர்ட்டுக்குச் சோறு இறங்காது. 1974இல் அவர் உயர்தரப் பரீட்சையில் எடுத்த புள்ளி, முந்திய வருடமென்றால் பொறியியல் பீடத்துக்குத் தாராளமாகப் போதும். அந்த வருடம் பார்த்து இலங்கை அரசாங்கம் பல்கலைக்கழக இடங்களை மாவட்டவாரியாகப் பங்கு பிரித்தது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு வெட்டுப்புள்ளி இறங்கியது, யாழ்ப்பாணத்துக்கு ஏறியது. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரரான அல்பேர்ட் வீட்டில் குந்தினார். பிறகு அகதியாக ஜேர்மனிக்கு வந்தபோது அந்தக் கசப்பையும் கூடவே கொண்டுவந்தார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி ஞானமலர். மன்னார்க்காரி, பின்தங்கிய மாவட்டத்துக்காரி. அதே மாவட்டக் கோட்டா நடைமுறையில் இருந்த காலத்தில் விஞ்ஞானப் பட்டம் எடுத்தவள், இங்கே முதியோர் இல்லமொன்றில் சமைக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அல்பேர்ட் சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்வார்: "இவ கோட்டாவிலை கம்பஸ் போனவ." வந்தவர்களும் சிரிப்பார்கள். ஞானமலர் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

முப்பது வயதுக்குமேல், மீசை முளைக்காத பெடியன்களோடு ஒரே வகுப்பு வாங்கில் இருந்து, ஆய்வுகூடத் தொழிற்பயிற்சியை முடித்தவர் அல்பேர்ட். ஜேர்மனியின் ரூர்ப் பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயனக் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. 2007இல் அந்தப் பல்கலைக்கழகம் 'பன்முகத்தன்மை அலுவலகம்' என்று ஒன்றைத் திறந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்களையும் கவனிக்க வேண்டுமாம். ஊரிலே செய்த வேலையை இங்கேயும் தொடங்கிவிட்டான்கள் என்று அல்பேர்ட் கொதித்தார்.

மதியச் சாப்பாட்டில் அவருக்குத் துணை பேர்ன்ட். அதே களஞ்சியத்தில் நெடுநாள் வேலை செய்யும் ஜேர்மன்காரர், பழைமைவாதக் கட்சிக்காரர். "நிறம் பார்த்து ஒருவனை மேலே ஏற்றினால், திறமையால் ஏறினவனையும் உலகம் அப்படித்தான் பார்க்கும்" என்பார் அல்பேர்ட். பேர்ன்ட் விரல் முட்டியால் மேசையைத் தட்டி ஆமோதிப்பார். வெள்ளைக்காரன் ஒருவன் தன் நியாயத்தை விளங்கிக்கொண்டானே என்று அல்பேர்ட்டுக்குப் பெருமை.

அடுத்த வருடம் களஞ்சியப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். அந்தப் பதவிக்கு இருவருமே விண்ணப்பித்தார்கள். எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டிலும் அல்பேர்ட்தான் முதலாவது. பரீட்சித்த பேராசிரியரே கையைப் பிடித்துச் சொன்னார். பதவியும் வந்தது. பாசையூரில் பறிபோனதை இங்கே வென்றுவிட்டேன் என்று அல்பேர்ட் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அந்த நடை ஒரு வாரம்தான். பன்முகத்தன்மை அலுவலகத் தலைவி புகைப்படக்காரருடன் வந்து நின்றாள். சுவரொட்டிக்கு அவருடைய முகம் வேண்டுமாம். 'எங்கள் கதவு திறந்திருக்கிறது' என்று மேலே எழுதப் போகிறார்களாம்.

"பரீட்சையில் முதலாவது வந்தவர் என்று கீழே போடுங்கள்" என்றார் அல்பேர்ட்.

"மன்னிக்கவும், பரீட்சை முடிவுகள் அந்தரங்கத் தகவல். வெளியிட முடியாது."

புள்ளி இரகசியம். தோல் மட்டும் இரகசியமில்லை! படமெடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் களஞ்சியத்துக்குப் போனார். பேர்ன்ட் கை கொடுத்தார்.

"வாழ்த்துகள். இந்தக் காலத்தில் என்னைப் போன்றவன் விண்ணப்பித்ததே பிழை."

"பேர்ன்ட், நான் முதலாவதாக வந்தேன்."

"இருக்கலாம்" என்றார் பேர்ன்ட். குரலில் கோபம்கூட இல்லை. "ஆனால் அதை நாங்கள் எப்படி அறிவது? நிறம் பார்த்து ஏற்றினால் உலகம் அப்படித்தான் பார்க்குமென்று நீதானே சொல்லுவாய்."

பொல்லுக் கொடுத்து அடி வாங்கிய கதை. அடித்தது அல்பேர்ட் தன் வாயால் ஊட்டி வளர்த்த அதே நியாயம். அன்றிலிருந்து பேர்ன்ட் வேறு மேசையில் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கத்தினார். "கேட்டீரே மலர்? நான் கஷ்டப்பட்டு எடுத்த புள்ளி. கலரைக் காட்டி வாங்கினதெண்டு நினைக்கிறாங்கள். ஒருத்தனும் நம்பிறானில்லை!"

ஞானமலர் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எனக்கும் புள்ளி இருந்ததுதான். உங்கட யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளிக்கும் மேலை. கோட்டா இல்லாட்டியும் நான் போயிருப்பன்."

அல்பேர்ட் திகைத்துப்போனார். "நீர் இதை ஒருநாளும் சொல்லேல்லையே?"

"சொன்னனான். கலியாணம் முடிச்ச வருசமே சொன்னனான். நீங்கள் சிரிச்சியள். பிறகு வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சியள்."

அவள் மாவைத் தட்டால் மூடிவிட்டு, முதல் தடவையாக அவரை நேரே பார்த்தாள்.

"இப்ப சொல்லிறன். நம்பிறியளோ?"

ஓம் என்று சொல்லத்தான் அல்பேர்ட் வாயைத் திறந்தார். அவ்வளவு அவமானப்பட்டு வந்த பிறகும், நாக்கு நுனியில் வந்து நின்றது 'இருக்கலாம்' என்ற சொல்தான். அவளும் அதைக் கண்டுவிட்டாள். அடுப்பை மூட்டத் திரும்பினாள்.