இடக்கைக்காரன் என்று நினைத்திருந்தோம்

மாலை நாலு பத்துக்கு வீட்டுக்குள் வந்த அத்தை முதலில் பார்த்தது என் கால்களைத்தான். சோபாவுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து அவை நீட்டிக்கொண்டிருந்தன. சோபாவின் மேல் மூன்று தலையணைகளுக்கு நடுவில் பத்து மாதத் தம்பி உட்கார்ந்திருந்தான். சரியாகச் சொன்னால், அவன் உட்காரவில்லை. பின்னாலிருந்து அவன் சட்டையை நான் பிடித்திருந்தேன்.

அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால்தான் அவர் முகம் போனில் தெரியும். அன்று நாலரைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். அதை விட்டால் மூன்று வாரம் கடல்தான். கடலில் இருக்கிறவரிடம் வீட்டுக் குறையைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. தாத்தா இறந்த செய்தியே அப்பாவுக்கு அவர் கப்பலை விட்டு இறங்கிய பிறகுதான் கிடைத்தது. அதோடு ஒப்பிட்டால், மகன் இன்னும் தானாக உட்காரவில்லை என்பது சின்னச் செய்தி. உட்கார்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அதுவரை போனுக்காகச் சட்டையைப் பிடிப்பதற்கு எனக்குக் கூலி ஒரு தடவைக்கு இரண்டு முந்திரி மக்ரூன். எனக்கு எட்டு வயது. வேலை பிடித்திருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. சாயர்புரத்துப் பக்கம் அங்கன்வாடி டீச்சர். முட்டை அவிப்பதும் சத்துமாவு கொடுப்பதும்தான் அவள் வேலை என்று எங்கள் வீட்டில் ஒரு எண்ணம். என் கால்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாயை விரித்து, தம்பியைத் தூக்கி அதில் உட்கார வைத்து, கையை எடுத்துப் பார்த்தாள். அவன் வலப்பக்கமாகச் சாய்ந்தான். சட்டென்று தாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பையிலிருந்து ஒரு சிவப்புக் கிலுகிலுப்பையை எடுத்து அவனுக்கு வலப்பக்கம் நீட்டினாள். அவன் இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வாங்கினான். அம்மாவுக்குப் பெருமை. அவளுடைய அப்பாவைப் போலவே பிள்ளை இடக்கைக்காரன் என்றாள். தம்பிக்கு ஆறு மாதம் ஆனபோதே இதைத் தெருவுக்கெல்லாம் சொல்லியிருந்தோம்.

அத்தை மறுபடியும் நீட்டினாள். இந்தத் தடவை அவனுடைய இடது கையை, விளையாட்டுக்குப் பிடிப்பதுபோல, தன் உள்ளங்கைக்குள் மெதுவாக வைத்துக்கொண்டாள். கிலுகிலுப்பையைப் பார்த்து அவன் சிரித்தான், கால்களை உதைத்தான். வலது கை மட்டும் வரவில்லை. அது மூடியிருந்தது, கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் மடங்கியிருந்தது. அத்தை மூன்று தடவை செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவனைச் சிரிக்க வைத்துவிட்டே அடுத்ததைத் தொடங்கினாள்.

“மைனி, இந்தக் கையை என்னைக்காவது விரிச்சுப் பாத்தியளா?”

அதற்கு என்ன அவசியம் என்றாள் அம்மா.

“ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்கு இடக்கை வலக்கைன்னு கிடையாது மைனி. ரெண்டையும் நீட்டும். ஒண்ணை மட்டும் நீட்டுனா மத்ததுக்கு என்னன்னு டாக்டர்ட்ட காட்டணும்.”

முட்டை அவிக்கிறவளெல்லாம் எப்போதிலிருந்து டாக்டர் ஆனாள் என்று அம்மா கேட்டாள்.

“முட்டை திங்க வார இருபத்தஞ்சு பிள்ளையளையும் தெனமும் பாக்கேன்லா. அதான் தெரியுது.”

அப்போது போன் அடித்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் சோபாவுக்குப் பின்னால் ஓடினேன். ஆனால் தம்பி அத்தையின் மடியிலேயே இருந்தான், போனையும் அவளே எடுத்தாள். குரல் உயரவில்லை, தாழவும் இல்லை.

“அண்ணே, பயப்படாம கேளு. பிள்ளை இன்னும் உக்காரல. வலது கை மூடியே இருக்கு. திங்கக்கிழமை லீவு போட்டுட்டு நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். நீ சரின்னு மட்டும் சொல்லு.”

போனைத் தம்பியின் வலது கைப்பக்கம் திருப்பிக் காட்டினாள். எத்தனை நாளாக இப்படி என்று அப்பா கேட்டார். அம்மா சோபாவிலிருந்த தலையணைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். பிறகு அப்பா தங்கையிடம், “தூக்கிட்டுப் போளா” என்றார்.

எனக்கு மக்ரூன் கிடைக்கவில்லை. அத்தை ஒரு கோள்சொல்லி என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன்.

பிறப்பை ஒட்டி மூளையில் ஏற்பட்ட பாதிப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இந்த வயதிலேயே கொண்டுவந்தது நல்லது என்றும் சொன்னார்கள். நல்ல கைக்குத் தினமும் கொஞ்ச நேரம் துணி உறை மாட்டி, வலது கையை வேலை வாங்க வேண்டும். அந்த உறையை அத்தையே தைத்தாள், மேலே ஒரு மீன் வைத்து. தம்பி இரண்டேகால் வயதில் நடந்தான். இப்போது ஏழாம் வகுப்பு. சட்டைப் பொத்தானை அவனே போட்டுக்கொள்கிறான். வலது கை கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். பத்து மாதம் அவனைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட நாங்கள் அத்தனை பேரும் பார்க்காத கட்டைவிரலை அவள் கால் மணி நேரத்தில் பார்த்தாள்.

பயிற்சிக்கு ஏழு மாதம் அவனைக் கூட்டிப் போனதும் அவள்தான். சனிக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறி வந்து, தெருவில் நின்றபடி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் தம்பியைத் தூக்கிப் போய்க் கொடுப்பேன். மத்தியானம் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள். அவளுக்கு பஸ்ஸுக்கு அவசரம் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஏழு மாதமும் அம்மா அவளோடு பேசவில்லை.