மின்னலுக்கும் இடிக்கும் நடுவே

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல் கல்லூரியில் நான் இயற்பியல் சேர்ந்தபோது எங்கள் ஊரே கவலைப்பட்டது. "ஃபிசிக்ஸ் படிச்சா புள்ள சாமியே இல்லேன்னு சொல்லிருமாம்ல" என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு. நான் உபதேசியார் மகள் வேறு. கோயிலைத் திறப்பது, செபம் சொல்லிக்கொடுப்பது, மாதா செபத்துக்கு வேளை தவறாமல் மணி அடிப்பது எல்லாம் அப்பாவின் வேலை. கல்லூரித் தோழிகளோ, "மழை வேணும்னா செபம் பண்ணுவியா, மேகத்தப் பாப்பியா?" என்று சீண்டுவார்கள். ரெண்டும்தான் என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஒரு நாள் வகுப்பில் மின்னலைப் பற்றிப் பாடம். உயரமான இடத்தில் இறங்கும், இரும்பு கிடைத்தால் அதன் வழியே ஓடும் என்று ஆசிரியை சொல்லச் சொல்ல என் நினைப்பு ஊருக்குப் போய்விட்டது. எங்கள் ஊர் சாணார்பட்டிப் பக்கம், சுற்றிலும் கடலைக்காடு. அங்கே உயரம் என்றால் எங்கள் கோயில் கோபுரம்தான். உச்சியில் இரும்புச் சிலுவை, அதற்குக் கீழே மணி. மணியிலிருந்து தொங்கும் இரும்புச் சங்கிலியின் கடைசி முனையில், ஐப்பசி மழையிலும், என் அப்பாவின் கை. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

"அப்பா, இடி இடிக்கிறப்ப மணி அடிக்காதீங்க."

"அப்ப மழை நிக்கிறவரைக்கும் மாதா காத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?"

"மின்னல் வெட்டுனதும் எண்ணிப் பாருங்க. முப்பது எண்ணுறதுக்குள்ள இடி கேட்டுச்சுன்னா அது கிட்டத்துல இருக்குன்னு அர்த்தம். அப்பயாவது அடிக்காதீங்க."

"நான் ஆண்டவர் வேலையத்தானத்தா செய்யிறேன். அவரு பாத்துக்கிடுவாரு."

இவரிடம் பேசிப் பயனில்லை என்று ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் எழுந்தேன். கோபுரத்துக்கு இடிதாங்கி வேண்டும், சங்கிலியை எடுத்துவிட்டுக் கயிறு கட்ட வேண்டும் என்றேன். கூட்டத் தலைவர் எனக்கு மாமா முறை. "ஏத்தா, ஆண்டவர் வீட்ட ஆண்டவரோட இடியிலருந்து நீ காப்பாத்தப் போறியாக்கும்?" என்றார். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

"அப்ப ஆண்டவர் வீட்டு வாசல்ல எதுக்கு மாமா அம்புட்டுப் பெரிய பூட்டுத் தொங்குது?"

திண்டுக்கல்லில் செய்த பூட்டு, தேங்காய் அளவு இருக்கும். இப்போது பெண்கள் பக்கம் சிரிப்பு. பங்குச் சாமியார் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மாதமே இடிதாங்கியும் வந்தது, கயிறும் வந்தது.

வந்ததோடு என் பாடு தீரவில்லை. இடிதாங்கியிலிருந்து கோபுரச் சுவரில் பளபளவென்று இறங்கிய செம்புப் பட்டையைச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பெண்கள் வரிசையாக அதைத் தொட்டு முத்தமிட்டார்கள். ஒருத்தி மல்லிகைச் சரம் சுற்றினாள். மின்னல் இறங்குகிற வழியில் போய்க் கைவைக்கிறார்களே என்று பதறிப்போய், 'தொடக்கூடாது' என்று பலகை எழுதி மாட்டினேன். தொடவே கூடாத அளவுக்குப் புனிதம் போலிருக்கிறது என்று எட்ட நின்று முழங்காலிட ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கடைசியில் மாலைச் செபம் முடிந்ததும் அப்பாதான் எல்லோரையும் நிறுத்தினார். "இது புனிதரும் இல்ல, மாதாவும் இல்ல. என் மக படிச்ச பாடம். மழ நேரத்துல இதுகிட்ட யாரும் நிக்காதீங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவரே கேட்பாரா என்பதுதான் என் கவலை.

ஐப்பசி பிறந்தது. ஒரு சாயங்காலம் வானம் கிழிந்ததுபோல் மழை. மணி அடிக்கும் நேரம் தாண்டியும் மணிச் சத்தம் இல்லை. குடையைக்கூட எடுக்காமல் கோயிலுக்கு ஓடினேன். அப்பா கோபுரத்துப் பக்கமே போகாமல், கோயிலுக்குள் நடுப்பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் செபமாலை.

"மணி அடிக்கலையாப்பா?"

"நீ சொன்ன கணக்குத்தான் பாக்குறேன். முப்பது எண்ணுறது எனக்குத் தோதுப்படல. மின்னல் வெட்டுனதும் அருள் நிறைந்த மரியே சொல்றேன். மூணு சொல்லி முடிக்கிறவரைக்கும் இடி கேக்கலேன்னா தூரமாப் போயிருச்சுன்னு அர்த்தம். மொதல்ல ஒண்ணு முடியிறதுக்குள்ளயே கேட்டுச்சு, இப்ப ரெண்டு வரைக்கும் வந்துருச்சு."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு செபத்துக்குப் பத்து நொடி. சரியாகத்தான் இருந்தது. ஈரத் துணியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த மின்னல் வெட்டியது. இருவரும் சேர்ந்து சொன்னோம். முதலாவது முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதை நான் பரபரவென்று சொல்லத் தொடங்கினேன். அப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

"மெதுவாச் சொல்லுத்தா. கணக்குத் தப்பிரும்."

மெதுவாகச் சொன்னோம். ஆமென் சொன்ன பிறகுதான் சிறுமலைப் பக்கம் இடி உருண்டது. அப்பா எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தார்.